ஒரு இன்ஜினுக்கு ரெண்டு பில்டர்!

என்னுடையது பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும். (நான் ஏறிய உயரமான மலை மதுரவாயல் மேம்பாலம்!) 2112 சி.சி. டீசல் இன்ஜின், பிரான்ஸின் பெஜோ டிசைன். புது ஆயில் ஊற்றி ஒரே வாரம், டிப்ஸ்டிக்கில் கண் மை! பேரிங் தேய்ந்து இன்ஜினை இறக்கினால் என் ரெண்டு மாசச் சம்பளம் காலி.

"புகைக்கரி சார். பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சின்னது. சாதா பில்டர்ல நழுவிடும்" என்றார் திருமழிசை சிட்கோ பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய். அவர் சொன்ன வைத்தியம், கூடவே ஒரு பைபாஸ் பில்டர். கொஞ்சம் ஆயிலை மட்டும் தனியே இழுத்து, நுணுக்கமாக வடிகட்டி, சம்ப்புக்கே திருப்பி அனுப்பும்.

பிரஷர் ஸ்விட்ச் இடத்தில் 'டி' ஜாயின்ட். பில்டருக்குப் போகும் வழியில் ஊசித்துளை. துளை பெரிதானால் பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் இங்கே ஓடிவிடும்.

"ஹோஸ் மலிவாக் கிடைக்குதே பாய்!" என்றான் மச்சான்.

"வெடிச்சா ஆயில் ரோட்டுல, கிராங்க் காயலான் கடையில. பரவால்லையா தம்பி?"

ஹைட்ராலிக் ஹோஸே வந்தது. புது பில்டர் குடிக்கும் அளவுக்கு ஆயில் கூடுதலாக ஊற்றி, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றவிட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட்!

ஆயில் இப்போதும் கறுக்கிறது. "கறுக்கட்டும் சார். கரியைப் படிய விடாம சுமக்கிறதுதான் ஆயிலோட வேலை" என்கிறார் பாய்.

மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. மூணாவது பில்டருக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.