நினைவு தவறிய நாட்கள்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், அது ஏன் பழுதுபட்டது என்று கேட்பவர் சிலர். அதை யார் கெடுத்தார் என்று கேட்பவரே பலர். நாம் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்னும் உண்மையை 2023 ஆம் ஆண்டின் இறுதியில் ஐந்து வாரங்கள் நமக்கு உணர்த்தின. தணிக்கைத் துறையில் வாழ்நாளைக் கழித்து, பிறர் கணக்கில் குறை காண்பதையே ஊதியம் பெறும் தொழிலாகக் கொண்டிருந்த நமக்கு இந்தப் பாடம் சற்றுத் தாமதமாகவே வாய்த்தது.

தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் மகன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். மருமகள் இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. பேரன் பத்தாம் வகுப்பு மாணவன். தேர்வு முடியும்வரை பிள்ளையின் படிப்பைக் கலைக்க வேண்டாம் என்பதால் குடும்பம் இரண்டு ஊர்களில் பிரிந்திருந்தது. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, சிங்கப்பூர்க் கடிகாரத்தில் 10.30க்கு, தந்தையும் மகனும் தத்தம் கணிப்பொறியின் முன் அமர்ந்து கார்ப் பந்தயம் ஆடுவார்கள். இருவர் காதிலும் ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்போன் இருக்கும்.

அந்த ஆட்டத்தை நாம் பெரிதும் இகழ்ந்து வந்தோம். ஆயினும் கதவுக்கு இப்பால் அமர்ந்து செய்தித்தாள் படிக்கையில் செவியில் விழுந்தவை வேறு செய்திகள். வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே தந்தை கணக்குத் தேர்வைப் பற்றிக் கேட்பான். பையன் பதில் சொல்வான். வகுப்பில் ஒரு நண்பனோடு நேர்ந்த மனத்தாங்கலையும் சொல்வான். தொலைபேசியில் முகம் பார்த்துக் கேட்டால் "ம்" என்பதற்கு மேல் வாராத சொற்கள், கண் இருவருக்கும் சாலையில் இருந்தமையால் தடையின்றி வந்தன.

2017 ஆம் ஆண்டில் வாங்கிய கணிப்பொறி புதிய ஆட்டங்களைத் தாங்கவில்லை. படம் விட்டுவிட்டு ஓடிற்று. பேரனின் பிறந்த நாளுக்கு நாமே பொறுப்பேற்றுக்கொண்டு, நேரு பிளேஸ் சென்று, புதிய தாய்ப்பலகையும் ஆறு கருக்கள் கொண்ட புதிய செயலியும் வாங்கினோம். கணிப்பொறிக் கடைகளுக்குப் பெயர்போன அவ்வங்காடியில் நமக்குப் பல்லாண்டுப் பழக்கமுள்ள கடைக்காரர் ஒருவர் உண்டு. பஞ்சாபி, சொற்கள் குறைவு, கை சுத்தம். அவருடைய பையன் பழைய பலகையைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினான். கூடவே 8 ஜி.பி. அளவுள்ள இரண்டு புதிய ராம் தகடுகளையும் இட்டு, அவற்றின் முழு வேகத்தையும் அமைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டி அனுப்பினான். பழைய பலகை, செயலி, பழைய ராம் தகடுகள் இரண்டு ஆகியவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் இட்டுக் கையில் கொடுத்தான்.

முதல் சனிக்கிழமை ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகவில்லை. பந்தயச் சாலை, வண்டி, ஒலி அனைத்தும் ஒரு நொடியில் மறைந்து, வெறுந்திரை எஞ்சியது. மீண்டும் தொடங்கினார்கள், நாற்பதாம் நிமிடத்தில் மீண்டும் விழுந்தது. அடுத்த வாரம் நீலத்திரையே தோன்றிக் கணிப்பொறி தானாக மறுபடி எழுந்தது. ஆனால், நம்முடைய நூற்பட்டியல் வேலைக்கு எந்த இடையூறும் நேரவில்லை. நாள்தோறும் இரண்டு மணி நேரம் தட்டச்சிட்டோம்; கணிப்பொறி முனகக்கூட இல்லை.

எனவே குற்றம் ஆட்டத்தின்மீது என்று முதலில் தீர்ப்பளித்தோம். பிறகு பேரன்மீது: "கண்டதையெல்லாம் இறக்கி வைத்தால் இப்படித்தான்." அடுத்துக் கடைக்காரர்மீது. மெட்ரோ ஏறி நேரு பிளேஸ் சென்று, வாடிக்கையாளர் நால்வர் முன்னிலையில், பழைய சரக்கைப் புதியதென்று விற்றீரோ என்று கேட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. "பெட்டியைக் கொண்டு வாருங்கள், அங்கிள்ஜி, பார்த்துவிடலாம்," என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இங்கிருந்து போன பிறகு உள்ளே எதையாவது சேர்த்தீர்களா?" நாம் ஒரு கணமும் தயங்காமல், "எதையும் சேர்க்கவில்லை," என்றோம். அது பொய் என்று அப்போது நமக்குத் தோன்றவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீடு திரும்பியதும் நாம் செய்தவை அதற்கு ஏற்றவையாகவே இருந்தன. வரைகலை அட்டைக்குரிய டிரைவரை நீக்கிப் புதியதை இட்டோம். அதே நாளில் பயாஸையும் புதுப்பித்தோம். செயலியின்மேல் விசிறியைக் கழற்றி வெப்பப் பசையையும் மாற்றினோம். மறுநாள் விண்டோஸ் முழுவதையும் அழித்து மறுபடி நிறுவினோம். இத்தனையும் செய்த பிறகு ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடிற்று. வெற்றி என்று களித்தோம். அடுத்த மணியில் விழுந்தது. எது சிறிது உதவிற்று, எது உதவவில்லை என்று அறிய வழியே இல்லாதபடி எல்லாவற்றையும் நாமே கலைத்திருந்தோம்.

ஐந்தாம் சனிக்கிழமை 8 மணி ஆயிற்று. பேரன் கணிப்பொறியின் பக்கம் போகவில்லை. "தாத்தா, அப்பா கூப்பிட்டால் எனக்குத் தலைவலி என்று சொல்லிவிடுங்கள்," என்றான். தலைவலி இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஒவ்வொரு தடவையும் பேச்சு பாதியில் போய்விடுகிறது. அப்பா திரும்ப இணைவதற்குள் என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துபோகிறது. எதற்கு?" என்றான். சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தது. மகனிடம் அந்தப் பொய்யை நாமே சொன்னோம். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. "சரிப்பா, தூங்கட்டும்," என்று வைத்துவிட்டான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பணியாற்றிய காலத்தில் இருபுறமும் பொருந்தாத கணக்கு வந்தால் நாம் என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்த்தோம். எழுதியவரை ஏசுவதால் வித்தியாசம் தீராது. முதலில் வித்தியாசத்தையே உற்று நோக்குவோம். அத்தொகை ஒன்பதால் வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று ஐயுறுவோம்; 54 என்பதை 45 என எழுதினால் வித்தியாசம் 9 அல்லவா? பிழையின் வடிவமே பிழையின் பிறப்பிடத்தைச் சுட்டும். நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கும் இதுவே.

விடிந்ததும் பழைய பழக்கப்படி ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் வரைந்தோம்: நாள், நேரம், செய்த ஒரே மாற்றம், விளைவு. பேரனை அழைத்து, இனி ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டுமே என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். கணிப்பொறி தானே எழுதி வைத்திருந்த பிழைக் குறிப்புகளை அவன் படித்துக் காட்டினான். ஒரு நாளின் குறிப்பு மற்றொரு நாளின் குறிப்பை ஒத்திருக்கவில்லை. ஒரு முறை ஆட்டத்தின் கோப்பு, ஒரு முறை ஒலி டிரைவர், ஒரு முறை விண்டோஸின் உட்பகுதி எனக் குற்றவாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். மென்பொருளில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறும். இடறும் இடம் நாளுக்கு நாள் மாறினால், எல்லாருக்கும் அடியில் உள்ள தரையையே ஐயுற வேண்டும்.

வெப்பத்தை அளந்தோம்; எல்லைக்குள் இருந்தது. நண்பர் ஒருவரிடம் மின்வழங்கியை இரவல் வாங்கி மாற்றினோம். ஆட்டம் அப்போதும் விழுந்தது. மூன்றாவதாக, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸ் எழுமுன்னரே அதை ஓடவிட்டோம். அது நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடும். நம் தொழிலில் சரிபார்ப்பு என்போமே, அதுதான். முதல் சுற்று முடியுமுன்னரே திரையில் சிவப்பு வரிகள் தோன்றின. எழுதியது ஒன்று, படித்தது வேறொன்று.

பேரன் மூடியைத் திறந்து உள்ளே நோக்கினான். "தாத்தா, கடையில் இரண்டு தகடுதானே போட்டார்கள்? இங்கே நான்கு இருக்கிறதே!"

அப்போதுதான் நினைவு வந்தது. கடையிலிருந்து வந்த மாலையே, அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய தகடுகள் இரண்டையும் காலியாயிருந்த இடங்களில் நாமே செருகினோம். 16 ஜி.பி. 32 ஆயிற்று என்று மகிழ்ந்தோம். காசு கொடுத்து வாங்கிய பொருளை வீணாக்குவானேன்? கடைக்காரர் கேட்டபோது அது நினைவில் எழவேயில்லை. புதிதாக வாங்கிச் செருகினால்தான் சேர்த்தல். ஆறாண்டு நம்மோடிருந்த பொருளைத் திரும்ப வைத்ததை நம் மனம் சேர்த்ததாகக் கணக்கில் கொள்ளவில்லை.

நிகழ்ந்தது இதுதான். புதிய தகடுகள் நொடிக்கு 320 கோடிப் பரிமாற்றம் செய்யவல்லவை. பழையவற்றின் திறம் 240 கோடி. கடையில் அமைத்த வேகம் புதியவற்றுக்கு உரியது. நான்கும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டதால் பழையவையும் அவ்வேகத்துக்கே இழுக்கப்பட்டன. ராமின் ஒவ்வொரு துளி நினைவும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டமே. ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்ட இவ்வமைப்பை ராபர்ட் டென்னார்டு 1966 இல் கண்டறிந்தார். ஒழுகும் குடத்தைப் போன்ற அவ்வறைகளை 64 மில்லி நொடிக்குள் ஒரு முறையேனும் புதுப்பிக்க வேண்டும். 32 ஜி.பி. என்றால் இத்தகைய அறைகள் ஏறத்தாழ 27,500 கோடி. அவற்றுள் ஒன்றில் 1 என்பது 0 ஆகப் படிக்கப்பட்டாலும் போதும். ஆட்டம் நினைவகத்தைப் பெரிதும் நிரப்பி, ஓயாமல் எழுதியும் படித்தும் ஓடுவதால் அந்தப் பிழைமேல் விரைவில் கால் வைத்தது. நம் தட்டச்சு நினைவகத்தின் சிறு மூலையில் ஒதுங்கி நடந்ததால் தப்பியது.

தப்பியதாகத்தான் எண்ணினோம். பேரன் வேறொன்று கேட்டான்: "உங்கள் பட்டியலும் இந்த ராம் வழியாகத்தானே வட்டுக்குப் போயிருக்கும்?"

நெஞ்சு திடுக்கிட்டது. பெரிய அலுவலகங்களின் கணிப்பொறிகளில் இத்தகைய பிழையைத் தாமே கண்டு திருத்தும் நினைவகம் உண்டு. வீட்டுக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் இல்லை. பழைய தகடுகளை நீக்கிவிட்டுக் கோப்புகளைத் திறந்து பார்த்தோம். அந்த ஐந்து வாரங்களில் சேமித்த பிரதிகளுள் ஒன்று திறக்கவே மறுத்தது. மற்றொன்றில் இரண்டு வரிகளில் நூலாசிரியர் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற குறிகள் நின்றன. நல்வாய்ப்பாக, செப்டம்பரில் எடுத்த நகல் ஒரு பென்டிரைவில் பழுதின்றி இருந்தது. அதன்பின் ஏற்றிய முந்நூறு நூல்களின் விவரத்தை மறுபடி தட்டச்சிட்டோம். பேரன் படித்துச் சொன்னான்.

அந்நாட்களில் ஓர் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. நாம் மதித்த நூற்பட்டியல் ஐந்து வாரமும் வாய் திறவாமல் கெட்டுக்கொண்டிருந்தது. நாம் இகழ்ந்த ஆட்டமோ முதல் நாளிலிருந்தே விழுந்து விழுந்து எச்சரித்தது. அது அவ்வாறு விழாதிருந்தால், பிழை மலிந்த பட்டியலொன்றைச் சங்கத்திடம் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்போம்.

புதிய தகடுகள் இரண்டை மட்டும் வைத்து இரவு முழுதும் சோதித்தோம். ஒரு பிழையும் இல்லை. பழையவற்றை மட்டும் அவற்றுக்குரிய வேகத்தில் சோதித்தோம், அங்கும் இல்லை. தனித்தனியே நான்கும் நல்லவை. கூட்டி ஓட்டிய முறையே தவறு.

அடுத்த நாள் நேரு பிளேஸ் சென்றோம். அன்றும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியாகவே, குற்றம் நம்முடையது என்று சொன்னோம். கடைக்காரர் கையைப் பற்றி, "கோயி பாத் நஹீன், அங்கிள்ஜி," என்றார், தேநீர் வரவழைத்தார். பழைய பலகையும் செயலியும் தகடுகளும் என்ன ஆயின என்று கேட்டார். அட்டைப்பெட்டியில் உள்ளன என்றோம். கடையின் பின்புறத்திலிருந்து பழைய கேபினெட் ஒன்றை எடுத்துவந்து, மின்வழங்கிக்கும் சிறிய வட்டு ஒன்றுக்கும் மட்டும் விலை வாங்கிக்கொண்டு, அவற்றை ஒரு கணிப்பொறியாக்கித் தந்தார். இன்று நம் சங்க நூலகத்தின் மூலையில் நூற்பட்டியலைத் தாங்கி நிற்பது அதுவே. தன் பழைய வேகத்தில் இயங்குகிறது. இதுவரை ஒரு முறையும் தவறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு 8 மணிக்குப் பேரன் கதவைச் சாத்திக்கொண்டான். நாம் செய்தித்தாளை விரித்து அமர்ந்தோம். கண் கடிகாரத்தில் இருந்தது. இருபது நிமிடம் சென்றது, நாற்பது சென்றது. ஒன்பதரைக்குமேல் உள்ளிருந்து குரல் கேட்டது: "அப்பா, அன்றைக்கு எனக்குத் தலைவலி இல்லை." சிங்கப்பூரிலிருந்து என்ன பதில் வந்ததோ, ஹெட்போனுக்குள் ஒலித்த அது நமக்கு எட்டவில்லை. பையன் சிரித்தான். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினோம்.