யாக்கோபு ஏன் தேறவில்லை?

தியானப் பகுதி: ஆதியாகமம் 37:31-35



இரத்தத்தில் தோய்க்கப்பட்ட அங்கியைக் கண்ட யாக்கோபு, தன் அருமை மகன் இறந்துபோனான் என்று எண்ணி அநேக நாள் துக்கித்தான். வீட்டிலுள்ள பிள்ளைகள் அனைவரும் அவனைத் தேற்ற முன்வந்தார்கள். அவனோ தேறவில்லை. இதை யாக்கோபின் அவிசுவாசம் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. ஆனால் வேதம் அவனை ஒரு வார்த்தையாலும் கடிந்துகொள்ளவில்லை.

அவனைத் தேற்ற வந்தவர்கள் யார் என்று கவனியுங்கள். யோசேப்பை விற்றுவிட்டு அங்கியை அனுப்பிய அதே சகோதரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். உண்மையை மறைத்துக்கொண்டு சொல்லப்பட்ட ஆறுதல் யாக்கோபின் உள்ளத்திற்குள் செல்லவில்லை. ஏறக்குறைய 22 ஆண்டுகள் அந்த வீடு ஆறாத காயத்தோடு வாழ்ந்தது. ஒரு குடும்பத்தின் காயம் ஆறுவதற்கு ஜெபம் வேண்டும், காலம் வேண்டும். அவற்றோடு உண்மையும் வேண்டும். இந்தச் சத்தியத்தையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒக்கிப் புயலும் திரும்பாதவர்களும்

நான் ஊழியம் செய்யும் கிழக்கேகோட்டையில் சாலை பஜாரின் கடைகளை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அநேகம். இங்கிருந்து கோவளத்திற்கும் விழிஞ்ஞத்திற்கும் நகரப் பேருந்துகள் புறப்படுகின்றன. நகரத்தின் இரைச்சலில் நாம் மறந்துபோனாலும், கடல் நமக்கு மிக அருகில்தான் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இக்கடலில் வீசியது. பூந்துறை, விழிஞ்ஞம் ஆகிய இடங்களிலிருந்தும், குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களிலிருந்தும் சென்ற மீனவர்கள் ஆழ்கடலில் அகப்பட்டார்கள். காணாமற்போனவர்களைத் தேடித்தரக் கோரி டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கானோர் குழித்துறையில் ரயில் மறியல் செய்தார்கள். கிடைத்த உடல்களில் பல மரபணுச் சோதனையினால் மட்டுமே அடையாளம் காணப்பட்டன. இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கும் அதிகமானோரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்நாட்களில் பங்குத்தந்தைமார் அந்தக் குடும்பங்களோடு நின்ற விதத்தை, சபைப் பிரிவு பாராமல் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

அடக்க ஆராதனை இல்லை, கல்லறையும் இல்லை. இப்படிப்பட்ட துக்கத்தை அமெரிக்கக் குடும்ப ஆலோசகர் பாலின் பாஸ் என்பவர் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். ஆள் இல்லை, ஆனால் அவர் போய்விட்டார் என்று மனம் முடிவுகட்ட வழியுமில்லை. 2020 ஆகஸ்ட் 6 அன்று மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிவில் புதைந்த நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிலும் சிலருடைய உடல்கள் கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்கும் இதே பாரம்தான்.

ஒரு சகோதரியின் வீடு

ஒரு சகோதரியின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். அவருடைய கணவர் ஒக்கியில் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அவர் தம் சிறு மகனோடு கடற்கரையை விட்டு, நகரத்தில் வசிக்கும் தமக்கையின் வீட்டருகே வாடகைக்கு வந்தார். சாலையில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, தமக்கையோடு நம் ஆராதனைக்கும் வரத் தொடங்கினார்.

ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் யாதொரு தகவலும் இல்லாதிருந்தால்தான் அவர் இறந்ததாகச் சட்டம் கருதும். ஒக்கிக் குடும்பங்களை அவ்வளவு காலம் காத்திருக்க வைக்காமல், இரு மாநில அரசுகளும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் அளித்தன. அது நல்ல உதவியே. ஆயினும் அந்தக் காகிதத்தில் கையெழுத்திடுவது, கணவர் இறந்தார் என்று ஒப்புக்கொள்வதாக அவருக்குத் தோன்றியது. மாமியாரோ, "பணத்துக்காக என் மகனைக் கொன்னுட்டா" என்று அழுதார். இரண்டு பெண்களுக்கும் ஒரே இழப்பு. இழப்பே அவர்களைப் பிரித்தது.

விசுவாசிகளும் ஆறுதல் சொன்னார்கள். "சகோதரி, அழாதீங்க, சாட்சி கெட்டுப்போகும்" என்றார் ஒருவர். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஊழியர், "உன் புருஷன் ஒரு தீவில் உயிரோடு இருக்கிறார், யோசேப்பைப் போல் திரும்பி வருவார்" என்று தீர்க்கதரிசனமாகவே சொல்லிவிட்டார். அதன்பின் அந்தச் சகோதரி மாதந்தோறும் கணவரின் தொலைபேசி எண்ணுக்குப் பணம் செலுத்திவந்தார். மகனிடம் அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. அவனோ காற்று பலமாக வீசினால் பள்ளிக்குச் செல்லமாட்டான்; இரவில் அலறி எழுவான். தாயும் அவனைத் தனியே கடைத்தெருவுக்குக்கூட அனுப்பமாட்டார்.

பென்யமீனைப் பிடித்துக்கொண்ட தகப்பன்

இந்தத் தாயை நாம் வேதத்தில் காண்கிறோம். பஞ்சகாலத்தில் பத்துப் பிள்ளைகளை எகிப்துக்கு அனுப்பிய யாக்கோபு, பென்யமீனை மட்டும் அனுப்ப மறுத்தான் (ஆதி. 42:4). இழந்தவனுக்கு மீதியானவனையும் இழந்துவிடுவோமோ என்ற பயம். சகோதரர்களோ, ஆண்டுகள் பல கடந்தபின்னும், துன்பம் வந்தவுடன் தங்கள் பழைய பாவத்தையே நினைத்தார்கள் (ஆதி. 42:21). ஒரே சம்பவம், ஒரே வீட்டில், ஒவ்வொருவரையும் வெவ்வேறு விதமாகக் காயப்படுத்தியிருந்தது. ஆகவே குடும்ப ஆலோசனையில் அழுகிறவரை மட்டும் அல்ல, பேசாதிருக்கிற பிள்ளையையும், கோபப்படுகிற மாமியாரையும் கேட்கவேண்டும்.

யோசேப்பு உயிரோடிருந்தது உண்மை. அது தேவனுடைய இரட்சிப்பின் திட்டம். காணாமற்போன ஒவ்வொருவரும் திரும்புவார் என்னும் வாக்குத்தத்தம் அல்ல. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணலாகாது, அதைச் சோதித்துப் பார்க்கவும் அதே இடத்தில் பவுல் கட்டளையிடுகிறார் (1 தெச. 5:20,21). விசுவாசிகள் துக்கிக்கவே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப் போல் துக்கிக்க வேண்டாம் என்றே போதிக்கிறார் (1 தெச. 4:13).

நானும் என் மனைவியும் வாரந்தோறும் அந்த வீட்டுக்குச் சென்றோம். முதல் சில வாரங்கள் கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. யோபின் நண்பர்கள் ஏழு நாள் பேசாதிருந்தது (யோபு 2:13) அவர்கள் செய்தவற்றில் நல்ல காரியம். பின்பு ஒருநாள், எங்கள் முன்னிலையில் மகன் கேட்டான்: "அம்மா, அப்பா துபாய்ல இல்லதான?" தாய் வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "இல்ல மக்களே. கடலுக்குப் போனாரு, வரல. எங்க இருக்காருன்னு எனக்கும் தெரியாது" என்றார். அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகைக்குள் ஆவியானவரின் தேற்றுதலை நாங்கள் கண்டோம்.

ஜெபமும் மருத்துவமும்

மகனின் இரவு பயமும் தாயின் தூக்கமின்மையும் ஜெபத்தோடு மருத்துவத்தையும் வேண்டி நின்றன. மனநல மருத்துவர் என்றதும், "எங்களை ஊளம்பாறைக்கு அனுப்புறீங்களா பாஸ்டர்?" என்று அவர் கலங்கினார். 1870 முதல் இந்நகரத்தில் இயங்கிவரும் ஒரு மருத்துவமனையின் இடப்பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்! சோர்ந்துபோய்ச் சாவைக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலாவது பிரசங்கம் செய்யவில்லை, உறங்கவிட்டு, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான் (1 இரா. 19:5-8). சில மாத மருந்தும், பிள்ளைக்குத் தனி ஆலோசனையும் அந்த வீட்டுக்கு உறக்கத்தைத் திரும்பத் தந்தன. அதற்கும் கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

நம் சபைகள் கவனிக்கவேண்டியவை சில:

1. காணாமற்போனவரைப் பற்றி 'இறந்தார்' என்றோ 'வருவார்' என்றோ முடிவுசொல்லக் குடும்பத்தாரை வற்புறுத்தாதீர்கள்.

2. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள்.

3. வங்கி, குடும்ப அட்டை, நிவாரண அலுவலகம் ஆகியவற்றிற்குத் துணைக்குச் செல்லுங்கள். அதுவும் ஊழியமே.

4. வாரக்கணக்கில் உறக்கமின்மை, திடுக்கிடுதல், வேலைக்கோ பள்ளிக்கோ செல்ல இயலாமை தொடர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். சாகும் எண்ணம் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-இல் இலவசமாகத் தமிழிலும் பேசலாம்.

5. ஆலோசனையில் கேட்டதைச் சாட்சி நேரத்திலோ ஜெபக் குறிப்பிலோ வெளியிடாதீர்கள்.

இன்று அந்தச் சகோதரி முழுவதும் தேறிவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். கணவரின் எண்ணுக்குப் பணம் செலுத்துவதை அவராகவே ஒருநாள் நிறுத்தினார். மாமியார் வந்து தங்கிச் செல்கிறார். ஆண்டுதோறும் நவம்பர் 30 அன்று, 'கடலிலிருந்து திரும்பாதவர்' என்று மட்டும் சொல்லி, அவர் பெயரைக் கூறி ஜெபிக்கிறோம்.

கடலும் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவிக்கும் நாள் ஒன்று உண்டு என்று யோவான் கண்டார் (வெளி. 20:13). நமக்குத் தெரியாத அந்த இடம் கர்த்தருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் பேசப்படாத ஒரு துக்கம் இருக்குமானால், இன்றே ஒருவரோடொருவர் உண்மையைப் பேசத் தொடங்குங்கள். சகலவித ஆறுதலின் தேவன் தாமே உங்கள் குடும்பங்களைக் குணமாக்குவாராக. ஆமென்.