அளவெடுக்காத பேட்டா

மைசூரில் பாராட்டு விழா என்றால் சால்வை, மாலை, பழத்தட்டு, கூடவே ஒரு பேட்டா. உடையார்களின் தர்பாரில் பட்டும் சரிகையுமாக விளங்கிய அந்தத் தலைப்பாகையை, 1912 முதல் 1918 வரை அங்கே திவானாக இருந்த விஸ்வேஸ்வரய்யாவின் படங்களில் நாடே பார்த்திருக்கிறது. தலையில் வைத்துச் சுற்றிக் கட்டும் வழக்கம் இன்று அருகிவிட்டது. குல்லாவைப்போல அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளும் ஆயத்தப் பேட்டாதான் மேடைக்கு மேடை போகிறது. அதைச் செய்கிறவர்களின் கைவேலையைப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஆயத்தப் பேட்டா வந்ததால் இந்தத் தொழில் கெடவில்லை. தலையை அளக்காமல் செய்யச் சொல்வதால்தான் கெடுகிறது.

வேலை உள்ளிருந்து தொடங்குகிறது. கெட்டி அட்டையோ விறைப்பான துணியோ வளையமாகிறது. நீளத் துணியை மடிப்பு மடிப்பாக நீவி, சரிகைக் கரை வெளியே தெரியும்படி அதன்மேல் சுற்றுகிறார்கள். ஒரு கை துணியை இழுக்க, மறுகையின் கட்டைவிரல் முந்தைய மடிப்பை நகரவிடாமல் அழுத்திக்கொண்டே வருகிறது. முதல் சுற்று தளர்ந்தால் மேலே வருவதெல்லாம் சரியும். அதிகம் இறுகினால் வளையமே நசுங்கும். தையலை மடிப்புக்குள் ஒளித்துவிடுவதால், இவ்வளவு உழைப்பும் வாங்குபவர் கண்ணில் படுவதேயில்லை.

கம்பளிக் குல்லாவையும் வட்டமாகத்தான் பின்னுகிறார்கள். நான்கைந்து ஊசிகளில் கண்ணிகளை ஏற்றி, தையலே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பின்னி, உச்சியை நெருங்கும்போது இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கிக் குறைத்துக்கொண்டே போய் முடிப்பார்கள். கம்பளிக் கண்ணி இழுத்தால் நீளும். அளவு சற்றுத் தவறினாலும் தலையைப் பிடித்துக்கொள்ளும். பேட்டாவுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. போதாக்குறைக்கு மனிதத் தலை சரியான வட்டமும் இல்லை, முன்பின்னாக நீண்டது. வட்ட அட்டையை அதன்மேல் வைத்தால் நெற்றியில் அழுத்தும், காதோரம் இடைவெளி விடும். மேடையில் பெரியவர்கள் பேட்டாவை ஒரு கையால் பிடித்தபடியே கும்பிட முயல்வது இதனால்தான்.

ஐந்து நிமிடம் இருக்கப்போவதற்கு அளவு எதற்கு என்று கேட்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எடுக்கும் படம்தான் அவர் வீட்டுச் சுவரில் பல வருடம் தொங்கப்போகிறது. கட்டினால்தான் பேட்டா, மற்றதெல்லாம் வேஷம் என்பவர்களும் உண்டு. அவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கொங்குநாட்டுக் கல்யாணத்தில் உருமால் என்னும் தலைப்பாகையைக் கட்டும் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது புரியாமல் போகாது. ஆனால் கௌரவிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் மேடையில் நின்று கட்டிவிட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. தலையில் கட்டியவரின் திறமை இப்போது செய்பவரின் விரலுக்கு வந்திருக்கிறது. அதற்குரிய மதிப்பைக் கொடுப்பதே நியாயம். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஆகக் குறைந்த விலைக்கு, மொத்தமாகக் கேட்டால் அந்த விரல்களுக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது. பசை தடவி ஒட்டினாலே போதும் என்றாகிவிடும். செலவு கூடுமே என்றால், கொஞ்சம் கூடத்தான் செய்யும். பழத்தட்டில் இரண்டு ஆப்பிளைக் குறைத்துக்கொள்ளலாம். அழைப்பிதழுக்காகப் பெயரையும் பட்டத்தையும் கேட்டுப் போன் செய்கிறவர்கள், புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றினால் எத்தனை சென்டிமீட்டர் வருகிறது என்றும் சேர்த்துக் கேட்டு, அந்த எண்ணைப் பேட்டா செய்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடலாம்.