கம்பியும் பாவும்

முத்தியால்பேட்டையில் தறி நெய்து ஓய்ந்தவர் என் தாத்தா. அவர் சேமித்த பணத்தில் எனக்கு மின்கிதார் வாங்கப் புறப்பட்டோம். 2011-இல் வெளிவந்த ‘ராக்ஸ்மித்’ விளையாட்டு அண்ணனிடம் இருந்தது. மெய்யான கிதாரை அதனுடன் இணைத்து மீட்டினால், சுரத்தைக் கேட்டு மதிப்பெண் இடும்.

கடையில் சிவப்புக் கிதாரில் மயங்கினேன். சுருதி கூட்டிச் சிறிது மீட்டியதும் கலைந்தது. “பாவு தளர்ந்தால் புடவை என்னாகும், தம்பி?” என்றார் தாத்தா. உண்மைதான்! சுருதி பிசகினால், சரியாக வைத்த விரலையும் விளையாட்டு தவறென்றே கொள்ளும்.

சுருதி நின்ற, கம்பிகள் தாழ்ந்து விரலுக்கு இதமான கறுப்புக் கிதாரையே வாங்கினோம், விலையும் குறைவு. மாலைதோறும் தாத்தா அருகிலமர்ந்து கேட்கிறார். நண்பர்களே, விளையாட்டு தரும் மதிப்பெண்ணைவிட அவர் தலையசைப்பே எனக்குப் பெரிது.