மதுரையை விடப் பக்கம்

மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் போட்டால் 355தான். சென்னைக்கு மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம். இதைச் சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை; வரைபடத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. நெடுங்காலம் யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு வழியாகத்தான் போக முடிந்தது. யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே பறந்து, கட்டுநாயக்கவில் இறங்கி, வந்த தூரத்தில் பாதியை பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வர வேண்டும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் போய்ச் சேர இருட்டிவிடும். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன். ஆனையிறவைக் கடக்கும்போது உடம்பில் உயிர் இருக்காது.

இந்த முறை ஏடிஆர் விமானம், ஒன்றேகால் மணி நேரம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடிய விமானத்துக்கு 355 கிலோமீட்டர் முக்கால் மணி நேர வேலைதான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மெல்ல மேலேறுவதும், இறங்குவதற்காக வேகம் குறைப்பதும் மீதியை எடுத்துக்கொள்கின்றன. போகும்போது வலப்பக்க சன்னலைக் கேட்டு வாங்குங்கள். சோழமண்டலக் கரை கூடவே வரும். கோடியக்கரையில் நிலம் சட்டென மேற்கே திரும்பிவிட, பாக் நீரிணை. பெருமூச்சு விட்டு நிமிர்வதற்குள் பனைமரங்கள், செம்மண் தோட்டங்கள்.

பக்கத்து இருக்கை அம்மாவுக்கு வசாவிளான். 1990இல் ஊரோடு கிளம்பியவர், சென்னையிலேயே தங்கிவிட்டார்.

“எங்கட வளவு இந்த ஓடுபாதைக்குக் கிட்டத்தான் தம்பி. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஐயா கலியாணச் சீலை எடுக்க இதாலதான் மெட்ராசுக்குப் போறவர்” என்றார்.

அவர் சொன்னது சரித்திரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கித்தான் சென்னைக்குப் பறந்தது. பிறகு உள்நாட்டுப் போர். பலாலி ராணுவத்தின் கைக்குள் போக, சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2019 அக்டோபரில்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு மறுபடி திறந்தார்கள். நவம்பரில் அலையன்ஸ் ஏர் வந்தது. சில மாதங்களிலேயே கொரோனா அதை நிறுத்தியது. மீண்டும் பறக்க 2022 டிசம்பர் ஆனது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

இத்தனைக்கும் நடுவே அந்த 355 கிலோமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒரு தலைமுறைக்கு அது ஒரு நாள் அலைச்சல்; பலருக்கு ஒருபோதும் திரும்ப முடியாத தூரம். அந்தக் கோபம் எனக்குத் தீரவில்லை.

வலயத்திலிருந்து நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கிறார்கள். அந்த அம்மாவின் வளவு இன்னும் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறதாம். விமானத்தில் வந்து இறங்கலாம், நடந்து போய்ப் பார்க்க முடியாது.

2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விமானம் தொடங்கியது. ஏர் சிலோன் காலத்து வழித்தடம் அது. அங்கிருந்து பலாலி 200 கிலோமீட்டர்கூட இல்லை. அடுத்த பயணம் அந்த வழியாகத்தான்.