எலுமிச்சம்பழ சமாதானம்

திருவண்ணாமலையில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம். உறவினர்களைத் தேடி நாம் போகவே வேண்டாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர்களே வந்துவிடுவார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் கேட்பது ஒரு சொம்பு வெந்நீர்.

அப்படி வந்த ஓர் அத்தை (எந்த அத்தை என்று சொன்னால் அடுத்த கல்யாணத்தில் எனக்குச் சாப்பாடு கிடையாது) அடுப்படியில் இருந்த நான்-ஸ்டிக் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதைத் தேய்க்கறதே இல்லியா?"

உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் படலம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. சீட்டுப் பணத்தில் ஆசையாய் வாங்கிய செட் அது. அதில் தினமும் வெந்நீர் வைப்பவர் என் அம்மா. அத்தை போனதும் மனைவி ஏதும் சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குக் குத்திவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பி நாரும் சாம்பலும் எடுத்து, செட்டில் இருந்த சின்னப் பாத்திரத்தை ஒரு கை பார்த்துவிட்டார். காலையில் பார்த்தால் படலம் கொஞ்சம் போயிருந்தது. கறுப்புப் பூச்சு நிறையப் போயிருந்தது!

இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பி.காம். படித்தவன் நான், எந்தக் கணக்கையும் டேலி பண்ணிவிடுவேன். மாமியார்-மருமகள் கணக்கு மட்டும் சிலபஸில் இல்லையே!

கடைசியில், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் பெரிய பாத்திரத்தைக் கொண்டுபோனேன். பார்த்ததும் சிரித்தார்.

"இது அழுக்கே இல்லைப்பா. உங்க போர்வெல் தண்ணி."

சாத்தனூர் அணைத் தண்ணீர் குழாயில் வராத நாட்களில் எங்களுக்குப் போர்வெல்தான் கதி. அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. கொதிக்க வைத்தால் சுண்ணாம்பாகப் பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது இந்திய தரநிலை. படலம் விஷமில்லை. சுரண்டுவதுதான் ஆபத்து, பாத்திரத்துக்கு!

"சுண்ணாம்புக்கு எதிரி புளிப்பு. வினிகர் ஊத்துங்க" என்றார்.

வீட்டில் வினிகர் இல்லை. அம்மா மெதுவாகக் கேட்டார்: "புளிப்புதானே வேணும்? எலுமிச்சம்பழம் ஆகாதா? பூஜைச் சாமானுக்கு அதைத்தானே தேய்க்கறேன்."

ஆகும்! படலம் மூழ்கும்வரை தண்ணீர், இரண்டு பழத்தின் சாறு, சின்னத் தீயில் ஐந்து நிமிடம். அடுப்பை அணைத்து, அரை மணி நேரம் அப்படியே ஆறவிட்டோம். ஓரத்திலெல்லாம் பொடிப்பொடியாய்க் குமிழ்கள். "அத்தை, பாருங்க பாருங்க!" என்றாள் மனைவி. இரண்டு நாளில் அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மெத்தென்ற துணியால் துடைத்ததும் படலம் கையோடு வந்துவிட்டது. பிடிவாதமான இடத்துக்கு இன்னொரு முறை. பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தோம். வாத்தியார் இரண்டு எச்சரிக்கையும் கொடுத்தார்: வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடாதே, புளிப்போடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதே, குளோரின் வாயு கிளம்பும்.

இப்போது வெந்நீருக்கு எவர்சில்வர் பாத்திரம். கீறல் விழுந்த சின்னதில் ஓமவல்லிச் செடி வளர்கிறது.

அடுத்த பௌர்ணமிக்கு அதே அத்தை. பளிச்சென்றிருந்த பாத்திரத்தைப் பார்த்து, "புதுசா?" என்றார்.

"பழசுதான். எல்லாம் எங்க ஊர் தண்ணி பண்ற வேலை. என் மருமகதான் எலுமிச்சம்பழம் போட்டு எடுத்தா" என்றார் அம்மா.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கணக்கு டேலியான பிறகு பைசாவைத் தேடக் கூடாது, சார்!