கரும்புச் சாறும் ஃபெலிங் கரைசலும்

திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பது திருவாலங்காட்டில். அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போகும் சாலையைத் தாண்டி, ஒரு பள்ளியின் பிளஸ் டூ செய்முறை வகுப்பைப் பார்க்கப் போனேன். மேசையில் பென்சால்டிஹைடு, அசிட்டோபீனோன், ஃபிரக்டோஸ். பக்கத்தில் இரண்டு குவளையில் கரும்புச் சாறு: ஒன்று காலையில் வெட்டிய கரும்பு, மற்றது வெட்டி ஒரு வாரம் கிடந்தது.

முதலில் டாலன்ஸ் சோதனை. சில்வர் நைட்ரேட்டில் ஒரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் பழுப்பாகத் திரண்டது. அம்மோனியா விட விடக் கரைந்து தெளிந்தது. பென்சால்டிஹைடு சேர்த்த சோதனைக்குழாயை வெந்நீரில் வைத்தார்கள். சுவரோரம் கருத்து, மெல்லப் பளபளத்து, வெள்ளி ஆடி படிந்தது. அசிட்டோபீனோன் குழாயில் எதுவும் இல்லை.

"முடிஞ்சதும் அமிலம் விட்டுக் கொட்டிடுங்க. வச்சிருந்தா வெடிக்கும்" என்றார் ஆசிரியை.

அதே பென்சால்டிஹைடு நீல நிற ஃபெலிங் கரைசலில் சிவக்கவில்லை. "இதுவும் ஆல்டிஹைடுதானே மிஸ்?" என்றாள் ஒரு மாணவி. பென்சீன் வளையத்தோடு நேரே ஒட்டிய ஆல்டிஹைடு ஃபெலிங்குக்கு மசியாது என்று விளக்கினார்.

அடுத்து சாறு. இரண்டையும் ஒரே அளவில் நீர்க்கச் செய்து, அதே நீலக் கரைசலோடு சூடாக்கினார்கள். புதுச் சாற்றில் லேசான சிவப்பு; பழைய சாற்றில் செங்கல் நிற வீழ்படிவு அடியில் தடித்து நின்றது. சாற்றிலுள்ள சுக்ரோஸில் குளுக்கோஸின் ஆல்டிஹைடு முனையும் ஃபிரக்டோஸின் கீட்டோன் முனையும் பிணைப்பில் பூட்டிக் கிடப்பதால் அது ஃபெலிங்கை ஒடுக்காது. வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் அந்தப் பிணைப்பு உடைகிறது. எடுக்க வேண்டிய சர்க்கரை குறைகிறது. ஆலையின் வெட்டு உத்தரவுக்குப் பின் கரும்பு எடுக்கத் தாமதமானால் விவசாயிகள் ஏன் பதறுகிறார்கள் என்பது அந்தக் குழாயில் தெரிந்தது.

ஆனால் ஃபிரக்டோஸ் கீட்டோன். அதுவும் சிவந்தது! ஃபெலிங்கில் உள்ள காரத்தில் அதன் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் மேனோஸாகவும் மாறிவிடும். போதாததற்கு, கார்பனைல் தொகுதிக்கு அடுத்தே ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது. 'ஆல்டிஹைடு சிவக்கும், கீட்டோன் சிவக்காது' என்று மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும். கரும்பு விளையும் ஊரின் பிள்ளைகளுக்கு அது போதாது. காரணத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் பிரித்தறியக் காரமில்லாத புரோமின் நீர் வேண்டும்: குளுக்கோஸ் அதன் நிறத்தைப் போக்கும், ஃபிரக்டோஸ் போக்காது.

சர்க்கரை ஆய்வகங்களுக்கோ இப்படி இரண்டும் சிவப்பதே வசதி. உடைந்த சர்க்கரை மொத்தம் எவ்வளவு என்பதுதான் அங்கே கணக்கு. 1923-இல் லேனும் ஐனானும் வகுத்த முறைப்படி, கொதிக்கும் ஃபெலிங் கரைசலில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் சேர்க்கும் மெத்திலீன் நீலத்தின் நிறம் போனதும் அளவைக் குறிப்பார்கள்.